டைனமோ

கரண்ட் இல்லாத வருசங்களில்
பாஸ்டர் சிவகுருநாதனின் சபைக்கு
நான்தான் வெளிச்சம்.
பகிடிக்குச் சொல்லவில்லை.
அரியாலையில் கைவிட்ட சுருட்டுக்கொட்டில்,
ஸ்டாண்டில் ஏற்றின ரலி சைக்கிள்,
பின்டயரில் உரசும் டைனமோ,
அதிலிருந்து ஒரு வயர்,
வேதப்புத்தகத்துக்கு மேலே சின்ன பல்ப்.
எனக்குப் பதின்மூன்று வயது.
மிதிப்பது என் ஊழியம்.

கால் உளைந்தால் வசனம் மங்கும்.
அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.
மனப்பாடத்தில் தொடர்வார்,
ஏசாயாவுக்குள் சங்கீதம் புகுந்துவிடும்,
ஒருவருக்கும் விளங்காது.
வெளிச்சம் திரும்பினதும் தானே சொல்லுவார்:
"மன்னிக்கவேணும், அது வேற இடம்."

சுருட்டைத் தொட்டறியாத சனம்
ஆராதனை முடிய
புகையிலை மணத்தோடு வீட்டுக்குப் போகும்.

முன்னம் காங்கேசன்துறையில்
சீமெந்து மூட்டை எண்ணினவர்.
நெஞ்சில் அந்தத் தூள் கிடந்தது.
அல்லேலூயாவின் நடுவில் இருமல் வரும்,
சின்னப் பிள்ளைகள்
இருமலையும் சேர்த்தே சொல்லப் பழகினார்கள்.
பெயரை மாற்றச் சொன்னவர்களுக்கு
"அவருக்கு ஆளைத் தெரியும்" என்பதுதான் பதில்.

முழுக்கு எடுத்தாரென்று
உயிரோடிருக்கிற மகனுக்குத் தகப்பன்
கீரிமலையில் அந்தியேட்டி செய்தாராம்.
அடுத்த ஞாயிறு லாசருவைப் பிரசங்கித்தார்:
"இதில எனக்கு அனுபவம் இருக்கு."
சனம் சிரித்தது.
முன்வரிசையில் தவமலர் அக்கா மட்டும்
சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அரியாலைக் கடல் தெரியும்தானே,
அரைக்கட்டை நடந்தாலும் முழங்கால்தான்.
ஆளைப் படுக்கவைத்துத்தான் முழுக்கவேணும்.
சங்கக்கடை மனேச்சர் பரஞ்சோதியை
மூன்றுதரம் சாய்த்தும்
வண்டி மட்டும் தீவு மாதிரி நின்றது.
பாஸ்டர் இரண்டு கையாலும் அள்ளி ஊற்றினார்.
"இதுவும் கணக்கு" என்றார்.

தொண்ணூற்றைந்தில்
எல்லாரும் பானைசட்டி காவ
அவர் டைனமோவைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
நாவற்குழிப் பாலத்தில் மழை.
வானத்தைப் பார்த்து அந்நியபாஷையில் கதறினார்.
பக்கத்தில் நெரிபட்டு வந்த ஒருவர்
மெல்லக் கேட்டார்:
"என்ன தம்பி, சிங்களமோ?"

திரும்பி வந்த வருசம்
டியூசனுக்குப் போன என் அண்ணன்
காவலரணில் இறங்கினான்.
சைக்கிள் இரண்டு நாள்
மதிலில் சாய்ந்தபடி நின்றது.

அந்த ஞாயிறு
அம்மாவின் தலையில் கைவைத்து
பாஸ்டர் நடுங்கினார்:
"மாரிக்கு முன்னம் உங்கட படலை திறக்கும்
எண்டு கர்த்தர் சொல்லுறார்."
நான் வெறிபிடித்து மிதித்தேன்.
பல்ப் வெள்ளையாய் எரிந்தது,
கறுத்தது.

படலைக்கு அம்மா பூட்டுப் போடவில்லை.
மாடுகள் வந்தன,
முருங்கைக் கன்றைத் தின்றன.

பதினொரு மாரி கழித்து
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
கையில் வேதப்புத்தகம் இல்லை.
சபை அப்போது மாடிக்கட்டடம்,
பன்னிரண்டு ஃபேன், கீபோர்ட்,
வெள்ளைச்சட்டை போட்ட உதவிப் பாஸ்டர்கள்.
கதிரை போட்டும் இருக்கவில்லை.

"அக்கா, அண்டைக்குச் சொன்னது
அவர் சொன்னதில்லை.
என்ர ஆசை.
உங்கட முகத்தைப் பாத்து
வாய் முந்திப்போட்டுது."

நான் எழும்பினேன்.
சொல்ல நிறைய வைத்திருந்தேன்.
அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தா.
அவசரப்படவில்லை.
ஆற்றி முடித்து, நீட்டி,

"தெரியும் தம்பி," என்றா.
"எண்டாலும் ஒருக்கா
அதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.
இருமினார்.
வாய் திறக்கக் கனநேரம் எடுத்தது.

நான் எப்போது திரும்ப இருந்தேனென்று தெரியாது.
கதிரைக்குக் கீழே
என் கால்கள் மிதிக்கத் தொடங்கியிருந்தன.